மாதம் நூறு ரூபாய் மிச்சம்

அன்றைக்கு வந்திருந்தவர்கள் நாலு பேர். தலைவர் நாற்காலியில் ஹட்டனில் வக்கீல் தொழிலில் பெயரெடுத்த புரொக்டர் ஐயா. அவருக்கு வலது பக்கம் தோட்டங்களின் சார்பில் ஒரு பெரிய தொரை. இடது பக்கம் கமிட்டியின் காசைப் பார்த்துக்கொள்ளும் மொத்தக் கடை முதலாளி. கதவோரம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பொலிஸ் இன்ஸ்பெக்டர். வராதவர்களில் ஒருவர் பங்குச் சாமியார்; சாகக் கிடந்த யாருக்கோ ஜெபம் சொல்லப் போய்விட்டார். இன்னொருவர் குடை மிஸ்ஸி. அவரைக் கூப்பிடவே இல்லை, ஏனென்றால் பேச்சே அவரைப் பற்றியதுதான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து யாரும் வரவில்லை. லயத்திலிருந்து யாரையும் எப்போதும் கூப்பிட்டதில்லை. நான் லயத்தில் பிறந்தவன்தான், அந்த அறையில்தான் இருந்தேன். ஆனால் கூட்டக் குறிப்பு எழுதுகிறவனுக்கு அங்கே வாய் கிடையாது.

பெற்றவர்கள் இல்லாமல் போன தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழி பண்ணுவதற்காக ஏற்பட்ட கமிட்டி அது. தோட்டங்கள் சந்தா தந்தன, கடைக்காரர்கள் நன்கொடை தந்தார்கள், அரசாங்கத்திலிருந்து கொஞ்சம் மானியம் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை இந்தக் கமிட்டிக்குக் கிளாக்கர். வேலை கிடைத்தபோது உலகத்தையே திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தொரு வயது.

கமிட்டிச் செலவில் பெரியது மிஸ்ஸிதான். மாதம் எண்பது ரூபாய் அலவன்ஸ், இருபது ரூபாய் பஸ் காசு. ஹட்டனிலேயே பிறந்து வளர்ந்த வேதக்கார அம்மா. தாய் செத்து, தகப்பனும் இல்லாமல் ஒரு பிள்ளை நின்றால், சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து நேரில் போவார். அடுப்பில் என்ன கொதிக்கிறது, காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்பவளுக்கு நிஜமாகவே மனசு இருக்கிறதா, எல்லாம் பார்ப்பார். திருப்தி என்றால் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டு இருந்தால்தான் புதுத் தோட்டத்தில் பிள்ளையின் பெயரைச் சேர்ப்பார்கள், அரிசிக் கூப்பன் மாறும். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் பெரிய கறுப்புக் குடை. கீழே ரோட்டில் அந்தக் குடை தெரிந்தால் போதும், "மிஸ்ஸி வருது, தண்ணிய அடுப்புல வை" என்று லயத்தில் குரல் கேட்கும்.

"ஒரு பெண் குடையைப் பிடித்துக்கொண்டு மலை மலையாக நடப்பதற்கு மாதம் நூறு ரூபாய்" என்றார் தொரை. "எல்லா ஊரிலும் பொலிஸ் ஸ்டேஷன் இருக்கிறது. ஜீப் இருக்கிறது. விசாரிப்பதுதான் அவர்கள் தொழில். அவர்களிடம் கொடுத்துவிட்டால் நமக்கு ஒரு சதமும் செலவில்லை."

முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு!" என்று பெருக்கிச் சொன்னார்.

இன்ஸ்பெக்டருக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் சிங்களவர், நிதானமாகப் பேசுகிறவர். "என் ஆட்களுக்குக் களவு பிடிக்கத் தெரியும். பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும்? போகிற கான்ஸ்டபிளுக்குப் பஸ் காசும் படியும் யார் கொடுப்பது?"

"அதையெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றார் தலைவர்.

"நான் கேட்டதாக எழுதிக்கொள்" என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

அந்த உற்சாகத்தில் நானும் வாயைத் திறந்துவிட்டேன். "சேர், லயத்து ஆட்கள் காக்கிச் சட்டையைக் கண்டால் ஓடுவார்கள்."

"ஒழுங்காக இருக்கிறவன் ஏன் ஓட வேண்டும்?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "என்னடா முடிவாச்சு ஒங்க ஆபீசுல?"

"மிஸ்ஸிய நிப்பாட்டிட்டாங்கப்பா. தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்கள இனிமே பொலிஸ்தான் பாக்குமாம்."

அப்பா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன், அந்தப் புள்ளைங்க களவு எடுத்துச்சா?"

அம்மா உள்ளேயிருந்து, "படிச்சவங்க சேந்து பேசுனா இப்பிடித்தான். சோத்தத் தின்னு, பேசாம படு" என்றாள்.

நூறு ரூபாய் மிச்சமான முதல் மாதமே அந்தப் பிள்ளையின் விஷயம் வந்தது. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். ஐந்து வயதுப் பெண் பிள்ளை. தகப்பன் இந்தியாவுக்குப் போனவன் போனவன்தான். தாய் காய்ச்சலில் செத்துப் போனாள். வேலைக்கு ஆள் இல்லாத காம்பராவைத் தோட்டம் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி கொஞ்ச நாள் வைத்துக்கொண்டாள். அவளுக்கே ஐந்து பிள்ளைகள். பிள்ளைக்குச் சின்னம்மா ஒருத்தி, தாயின் தங்கச்சி, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள், அவளுக்குப் பிள்ளை இல்லை, இவளைக் கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறாள் என்று தகவல் வந்தது. இதைவிட லேசான விஷயம் அந்த ஆபீசுக்கு வந்ததே இல்லை. மிஸ்ஸி என்றால் ஒரு நாள் வேலை. ஒரு குடை, இரண்டு பஸ், ஒரு துண்டு.

இப்போதோ நான் தகவலை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினேன். அங்கே ஒரு கோழிக் களவும் இரண்டு வெட்டுக்குத்தும் முடியும் வரை அது காத்துக் கிடந்தது. கடைசியில் ஒரு இளம் கான்ஸ்டபிளை அனுப்பினார்கள். தென்பக்கத்துச் சிங்களப் பையன், குளிருக்குப் பழகாதவன், நல்லவன். ஜீப் இன்ஸ்பெக்டர் ஐயாவுடைய வேலைக்கு என்று சொல்லிவிட்டதால் சின்னம்மாவின் தோட்டத்துக்குப் பஸ்ஸில் போய், இறங்கி, மலை ஏறினான்.

அந்த வருஷங்களில் காக்கிச் சட்டை லயத்துக்கு ஏறி வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று கசிப்பு, கள்ளச் சாராயம். மற்றது, களவாகக் கடல் தாண்டி வந்தவர்கள் என்று கள்ளத்தோணி பிடிப்பது. எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமை இல்லை. மனுப் போட்டுப் போட்டு, தள்ளுபடி என்று வந்த காகிதத்தைத் தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார்கள். அந்தச் சின்னம்மாவின் பெட்டிக்குள்ளும் அப்படி ஒன்று இருந்தது. இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்தான். ஆனாலும் காக்கியைக் கண்டால், நேற்றுத்தான் இராத்திரியில் தோணியிலிருந்து இறங்கியவர்கள் மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கான்ஸ்டபிள் லயத்து வாசலில் நின்று, சின்னம்மாவின் பெயரைச் சொல்லி, தெரிந்த தமிழில், "இந்தப் பொம்பளை எங்க?" என்று கேட்டிருக்கிறான். வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளை என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. முதலில் ஆளைக் கண்டுபிடி, பிறகு மற்றதைக் கேள் என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

லயத்தில் அந்த நேரம் இருந்தவர் தொழிற்சங்கத் தலைவர். தன் ஆட்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம். "அவளா? அவ இந்தியா போயிட்டாளே ராலாமி! கப்பலேறி ஆறு மாசமாச்சு. நாந்தான் ஹட்டன் ஸ்டேஷன்ல ரயிலேத்தி விட்டேன். அழுதுகிட்டே போனா, பாவம்." அழுத விவரம் எதற்கு என்று பிறகு கேட்டேன். "அப்பத்தானே தம்பி நம்புவான்" என்றார்.

கான்ஸ்டபிளைச் சும்மா அனுப்பக் கூடாது என்று தேத்தண்ணி கொடுத்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தவளே சின்னம்மாதான். அவன் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மலை இறங்கி, "மேற்படி பெண் இந்தியாவுக்குப் போய்விட்டாள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவ்வளவுதான், சொந்தம் இல்லாத பிள்ளை என்று முடிவாகிவிட்டது. கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட்டார். கண்டிக்கு அப்பால் ஒரு விடுதிக்கு அனுப்ப வேண்டும். பெண் பிள்ளையைக் கான்ஸ்டபிள் தனியாகக் கூட்டிப் போகக் கூடாதாம், ஸ்டேஷனில் பெண் பொலிஸ் இல்லையாம். துணைக்கு ஒரு பொம்பளையைக் கூலி பேச வேண்டியிருந்தது. ரயில், பஸ், மூன்று பேருக்குச் சாப்பாடு, ஒரு இரவு தங்க இடம். விடுதிக்கு மாதம் முப்பது ரூபாய். பாய், போர்வை, இரண்டு சட்டை. முதலாளி ஒவ்வொன்றுக்கும் காசை எண்ணி வைக்கும்போது பல்லைப் பிடுங்குகிற மாதிரி முகத்தைச் சுளித்தார். "பொலிஸ் சும்மா பாக்கும்னு சொன்னாங்களேப்பா?" என்று என்னிடம் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சின்னம்மா ஆபீசுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள், காலெல்லாம் சேறு. நோர்வூட் பக்கத்து ஆள் யாரோ சந்தையில் கண்டு சொல்லித்தான் அவளுக்கே விஷயம் தெரியும்.

"தம்பி, எங்க அக்கா புள்ளைய எங்க கொண்டுபோயி வச்சிருக்கீங்க?"

சொன்னேன். அறிக்கையில் அவள் இந்தியாவுக்குப் போய்விட்டதாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"நான் எங்க தம்பி போனேன்? இங்கதானே நிக்கிறேன்!"

"அக்கா, பொலிஸ்காரர் வந்தப்ப இதைச் சொல்லியிருக்கலாமே? ஒங்க கையாலேயே தேத்தண்ணி வேற குடுத்திருக்கீங்க."

"அவரு புள்ளைக்காக வந்தாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? புள்ளைய விசாரிக்கக் காக்கிச் சட்டை வருமா? இதுவரைக்கும் எங்கயாச்சும் வந்துருக்கா, சொல்லுங்க. அந்தக் குடை மிஸ்ஸியில்ல வரும்? நாங்க மாசக்கணக்கா அந்த மிஸ்ஸியப் பாத்துகிட்டுல்ல இருந்தோம்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஆள் உயிரோடு எதிரே நிற்கிறது, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். படித்தவன் என்ற நினைப்பு.

மேசையில் ஒரு சார்ஜன் இருந்தார். அறிக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இந்தியா போனவள் இங்கே எப்படி நிற்கிறாள்?"

"போகவே இல்லைங்க ஐயா."

"போனாள் என்று எழுதியிருக்கிறதே." பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் திரும்பி வந்திருக்க வேண்டும். எதில் வந்தாய்? தோணியிலா?"

எங்கள் ஆட்களுக்கு இராத்திரி இராத்திரியாக வரும் பயம், பட்டப்பகலில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறது. பின்கதவு வழியாக வந்த அந்த இளம் கான்ஸ்டபிள் அவளைக் கண்டதும் நின்றுவிட்டான். "மாத்தயா, இந்த ஆள்தான் எனக்குத் தேத்தண்ணி குடுத்தது!" என்றான் என்னிடம், சந்தோஷமாக, தெரிந்தவரைக் கண்ட மாதிரி. சார்ஜனுக்கு அது போதவில்லை. இந்தியா போகவே இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார். தோட்டத்திலிருந்து கடிதம், போட்டோ ஒட்டின சத்தியக் கடதாசி, போனாள் என்று சொன்ன ஆளே வந்து சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்வது.

வெளியே வந்ததும் நான் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். "அக்கா, இதையெல்லாம் கொண்டுபோய்க் குடுத்தா, ஒங்க மனு தள்ளுபடியான விஷயமும் அவங்க கைக்குப் போயிரும். நாளைக்கு ஒங்களையே இந்தியாவுக்குக் கிளப்பிவிட்டாலும் விடலாம். வேணாம்னா இப்பவே விட்டுரலாம்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "எங்க அக்கா கண்ண மூடும்போது ஏம்பேரத்தான் சொல்லுச்சாம் தம்பி. எந்தக் கடதாசி வேணுமோ எழுதுங்க" என்றாள்.

ஆரம்பித்தது அலைச்சல். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. தோட்டத்து ஆபீசில் கடிதம் கேட்டால் தொரை கொழும்பில். தொரை வந்தால் கிளாக்கர் லீவில். போட்டோ எடுக்க ஹட்டன். சத்தியக் கடதாசி எழுத ஒரு ஆள், முத்திரைக் காசு, கையெழுத்துப் போடுகிறவருக்கு ஒரு மரியாதை. ஒவ்வொரு தடவையும் பஸ், ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் போச்சு. சங்கத் தலைவரோ பிடிகொடுக்கவே இல்லை.

"பொலிசுகிட்டப் பொய் சொன்னேன்னு நானே போயிச் சொல்லவா? நல்லாருக்கே தம்பி ஒன் படிப்பு! என்னையத் தூக்கி உள்ள போட்டுட்டா இந்தத் தோட்டத்து ஆளுகளுக்கு யாரு பேசுவா?"

"நீ வெளிய இருந்து பேசுன பேச்சாலதான் இந்தக் கதியே" என்று சின்னம்மா அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். "அழுதுகிட்டே போனாளாம்ல? இப்பப் பாரு, நெசமாவே அழுவுறேன்." அவர் அடுத்த வாரம் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்து இன்ஸ்பெக்டரின் முன்னால் நின்றார். இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"யார் மேலும் கேஸ் போடப் போவதில்லை" என்றார். "ஆனால் வீட்டைப் பார்க்காமல் நான் பிள்ளையைக் கொடுக்க முடியாது. என் ஆள் மறுபடி போனால் மறுபடியும் ஒளிந்துகொள்வீர்கள். நான் என்ன செய்யட்டும்? அன்றைக்கே கேட்டேன், நீ எழுதிக்கொண்டாய் அல்லவா?"

எழுதிக்கொண்டேன், சேர். எழுதி என்ன பிரயோசனம்?

மிஸ்ஸியைத் தேடிப் போனேன். டவுனில் ஒரு வீட்டில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிளுக்குத் துணையாக ஒரு நாள் போனால் பத்து ரூபாய் கொடுக்க முதலாளி சம்மதித்திருக்கிறார் என்றேன்.

"ஒரு வீட்டுக்குப் பத்து ரூபாயா?" என்று ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "எண்பது ரூபாய்க்கு மாசம் முழுக்க எத்தன லயம் ஏறி இறங்குனேன். ஒங்க முதலாளிக்குக் கணக்கு நல்லா வருது தம்பி." ஆனாலும் எழுந்து, கதவுக்குப் பின்னால் இருந்த குடையை எடுத்துக்கொண்டார்.

நானும் கூடப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி கான்ஸ்டபிளையும் குடைக்குள் கூப்பிட்டுக்கொண்டார். கீழே ரோட்டில் நாங்கள் வளைவு திரும்பும்போதே மேலே லயத்திலிருந்து சத்தம் வந்தது: "மிஸ்ஸி வருது!" ஒரு கதவும் மூடவில்லை. ஒரே குடைக்குள் காக்கியையும் மிஸ்ஸியையும் சேர்த்துப் பார்த்துப் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ராலாமிக்குத் தேத்தண்ணி வேணுமான்னு கேளுடி" என்று எவளோ கத்தினாள். மிஸ்ஸி அடுப்பைப் பார்த்தார், காம்பராவைப் பார்த்தார், பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த சட்டையைப் பார்த்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் ஆகியிருக்க வேண்டிய பத்து நிமிஷம்.

பிள்ளை திரும்பி வந்தபோது விடுதிக்குப் போய் நான்கு மாதம். பேனுக்காகத் தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் சின்னம்மா கையை நீட்டினாள். பிள்ளை யோசித்து யோசித்து வந்தது. பிறகு விடவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். டிக்கெட் கேட்டுக் கண்டக்டர் பக்கத்தில் வந்தான். அவன் போட்டிருந்ததும் காக்கிதான். பிள்ளை சின்னம்மாவின் கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "நான் வரல, நான் வரல" என்றது. கண்டக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

அடுத்த கூட்டத்தில், இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆன செலவு என்று தலைவர் கேட்காமலே வாசித்தேன். விடுதிக்கு நூற்றிருபது. கொண்டுபோய் விட முப்பத்தெட்டு, திரும்பக் கொண்டுவர இன்னொரு முப்பத்தெட்டு. பாய், சட்டைக்கு இருபத்திரண்டரை. கான்ஸ்டபிள் இரண்டு தடவை போனதற்குப் பதின்மூன்று. மிஸ்ஸிக்குப் பத்து. மொத்தம் இருநூற்று நாற்பத்தொன்றரை ரூபாய். மிஸ்ஸியே போயிருந்தால் பஸ் காசு இரண்டு ரூபாய்க்குள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஒரு விதிவிலக்கு" என்றார். தொரை தலையாட்டினார். பங்குச் சாமியார் அன்று வந்திருந்தார். மிஸ்ஸியைத் திரும்ப எடுக்கலாமே என்றார். இனிமேல் பொலிஸ் போகும்போதெல்லாம் மிஸ்ஸியும் துணைக்குப் போகலாம், ஒரு தடவைக்குப் பத்து ரூபாய் என்று தீர்மானம் ஆனது. மாத அலவன்ஸ் மிச்சம் மிச்சமாகவே இருக்கட்டும் என்றார்கள். முதலாளி இந்தத் தடவை பெருக்கியதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நான் எழுதிக்கொண்டேன்.

சின்னம்மாவுக்கு ஆனது என்ன என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. அவள் காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் இவ்வளவும் அலைந்தாள். போட்டோவும் முத்திரையும் பஸ்ஸும் விழாத பேர்களும் அதில்தான் போயின. அதை மீட்க அவளுக்கு அடுத்த தீபாவளி முற்பணம் வரை ஆயிற்று. அன்றைக்கு அடகுக் கடையில் நானும் பக்கத்தில் நின்றேன். வட்டியும் முதலுமாக எண்ணி வைத்தாள்: தொண்ணூற்றொரு ரூபாய் இருபது சதம்.